பதக்கத்துக்குப் பிறகு ஆர் கூட நிக்கிறது?

2025 ஜனவரியில், வந்தாறுமூலையிலயிருந்து பஸ் ஏறி பாசிக்குடாவுக்குப் போயிருந்தோம். கடற்கரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கேக்க அந்தச் செய்தி வந்தது. இந்தியக் குத்துச்சண்டை வீரர் நிஷாந்த் தேவ், லாஸ் வேகாஸில் தன்னுடைய முதல் தொழில்முறைப் போட்டியை முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார். ஐந்து மாதங்களுக்கு முன் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், பலர் ஏற்றுக்கொள்ளாத ஒரு தீர்ப்பில் தோற்றுப்போனவர் அவர்.

“இனி அவன் கோடீஸ்வரன் மச்சான்” எண்டான் ஒருத்தன். “நாட்டுக்காக விளையாடுறத விட்டுட்டுக் காசுக்குப் போயிட்டான்” எண்டான் மற்றவன். வாக்குவாதம் திரும்பி வரும் பஸ்ஸிலும் ஓயவில்லை. பிறகு தேடி வாசித்துப் பார்த்தபோது, ரெண்டு பேர் சொன்னதும் பிழை எண்டு எங்களுக்குத் தோன்றியது. அதைத்தான் இங்க எழுதுகிறோம்.

முதல்ல ஒரு விசயம் விளங்க வேணும். ரெண்டும் ஒரே விளையாட்டு இல்லை. ஒலிம்பிக்கில் மூன்று நிமிடப்படி மூன்று சுற்று. வேகமாக அடித்து, புள்ளி எடுத்து, விலகி வந்தால் வெல்லலாம். தொழில்முறையில் நாலு சுற்றில் தொடங்கி, பட்டப் போட்டி எண்டால் பன்னிரண்டு சுற்று வரை போகும். பல எடைப்பிரிவுகளில் கையுறையும் மெல்லிசு. அங்க உடம்பில வாங்குற அடி ஆறாம் ஏழாம் சுற்றிலதான் வேலை காட்டும். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணியில கனதூரம் நடந்து போகலாம். அதில பழகினவனை ஆழ்கடலில் இறக்கிவிட்டால் அவன் நீந்தமாட்டான் எண்டில்லை, ஆனால் புதுசாப் பழக வேணும்.

வசில் லோமசென்கோவை எடுப்போம். பெய்ஜிங் 2008, லண்டன் 2012 எண்டு ரெண்டு ஒலிம்பிக் தங்கம். அமெச்சூரில் 396 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அப்படிப்பட்டவர் 2014 மார்ச்சில், தன்னுடைய ரெண்டாவது தொழில்முறைப் போட்டியில் மெக்சிக்கோவின் ஒர்லாண்டோ சலிடோவிடம் தோற்றார். சலிடோ அதற்குமுன் பன்னிரண்டு தடவை தோற்ற ஆள். எடை வரம்பைத் தாண்டி வந்து, இடுப்புக்குக் கீழே அடித்து, கட்டிப்பிடித்து, தன் அனுபவம் முழுவதையும் பாவித்தார். ரெண்டு தங்கம் அங்க கைகொடுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் லோமசென்கோவுக்கு இன்னொரு பட்டப் போட்டி கிடைத்தது. அதில் வென்று உலகச் சம்பியன் ஆனார். தோற்ற பிறகும் அவரை நம்பி முதல் போடப் பெரிய நிறுவனம் ஒன்று பின்னால் நின்றது. எங்கட கதையின்ர மையம் இதுதான்.

இன்னொரு சோடியைப் பாருங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அரையிறுதியில் பல்கேரியாவின் செராஃபிம் தொடோரோவ் ஒரு அமெரிக்கப் பொடியனை 10–9 எண்டு வென்றார். அமெரிக்கத் தரப்பு முறைப்பாடு செய்தும் தீர்ப்பு மாறவில்லை. தோற்ற அந்தப் பொடியன்தான் ஃபுளோய்ட் மேவெதர். வெண்கலத்தோட வீட்டுக்குப் போய், தொழில்முறையில் ஐம்பது போட்டி ஆடி ஐம்பதையும் வென்றார். 2015 மே 2ஆம் திகதி பக்கியாவோவோடு மோதிய ஒரே இரவில் அவர் உழைத்தது 20 கோடி டொலருக்கு மேல் எண்டு செய்திகள் சொன்னன. அதே வருசம் தொடோரோவ் பல்கேரியாவில் சில நூறு டொலர் மாத ஓய்வூதியத்தில் சீவித்துக்கொண்டிருந்தார். அட்லாண்டாவில் வைத்தே அமெரிக்கர்கள் தன்னைத் தொழில்முறைக்குக் கேட்டதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

காசுக்குப் போறது துரோகம் எண்டு சொல்கிற நண்பனுக்கு இதுதான் எங்கட பதில். போகாமல் நின்ற மனிசனுக்கு நாடு என்ன குடுத்தது? பதக்கம் வாங்கின அண்டைக்குக் கொடியைப் போர்த்திப் படம் எடுக்கிறோம். இருபது வருசம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் எண்டு கேட்க ஆளில்லை.

ஆனால் “கோடீஸ்வரன்” எண்டு சொன்னவனும் சரியில்லை. லியோன் ஸ்பிங்க்ஸ் 1976 மொன்றியலில் தங்கம் வென்றவர். 1978 பெப்ரவரியில், தன்னுடைய எட்டாவது தொழில்முறைப் போட்டியிலேயே முகமது அலியைத் தோற்கடித்தார். ஏழு மாதத்தில் அலியிடமே பட்டத்தை இழந்தார். வந்த காசும் நிக்கவில்லை. பிற்காலத்தில் நெப்ராஸ்காவில் ஒரு சிறு நகரில் துப்புரவு வேலை செய்தார். அடி வாங்கின மூளையும் பாதிக்கப்பட்டிருந்தது. 2021இல் இறந்தார். ஒலிம்பிக் தங்கமும் இருந்தது, உலகப் பட்டமும் இருந்தது. ரெண்டும் காப்பாற்றவில்லை.

நம்ம பக்கத்து நாட்டுக்கு வருவோம். விஜேந்தர் சிங், 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் எடுத்துக் கொடுத்தவர். 2015 ஒக்டோபரில் மான்செஸ்டரில் தொழில்முறையில் இறங்கும்போது அவருக்கு முப்பது வயது ஆகப்போகிறது. அடுத்த வருசமே டெல்லியில் கெர்ரி ஹோப்பை வென்று டபிள்யூ.பி.ஓ. ஆசிய பசிபிக் பட்டம் எடுத்தார். தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி. பிறகு 2021 மார்ச்சில், கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தளத்தில், ரஷ்யாவின் அர்திஷ் லோப்சானிடம் ஐந்தாம் சுற்றில் விழுந்தார். உலகப் பட்டத்துக்கான போட்டி ஒன்று கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

விஜேந்தரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. லோமசென்கோ இறங்கியது 25 வயதில், இவர் இறங்கியது கிட்டத்தட்ட முப்பதில். அந்த ஐந்து வருசம் இந்த விளையாட்டில் பெரிய காலம். அதோட, தொழில்முறையில் எதிராளி குலுக்கலில் வருவதில்லை. ஆரோட, எங்க, எத்தனை சுற்று எண்டதைப் புரமோட்டர்தான் பேசி முடிக்கிறார். உள்ளூரில் டிக்கெட் வாங்க ஆளும், ஒளிபரப்பக் காசு குடுக்கத் தொலைக்காட்சியும், கூடப் பயிற்சி எடுக்கத் தரமான ஆட்களும் இருந்தால் வீரன் படிப்படியாக வளரலாம். இல்லாட்டி வெற்றிக் கணக்கு மட்டும் கூடும், ஆட்டம் வளராது.

அப்ப எங்கட நாடு? 2008 பெய்ஜிங்கில் அனுருத்த ரத்நாயக்க மேடையேறியபோது, இலங்கைக் குத்துச்சண்டை வீரர் ஒருவர் ஒலிம்பிக் போய் நாற்பது வருசம் ஆகியிருந்தது. அவர் ராணுவ வீரர். இண்டைக்கும் இந்த விளையாட்டில் சம்பளம், சாப்பாடு, பயிற்சி மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் பெரும்பாலும் முப்படைக் கழகங்கள்தான். வாழைச்சேனையிலோ கிரானிலோ கைவேகம் உள்ள ஒரு தமிழ்ப் பொடியனுக்கு அந்த வாசல் வெறும் விளையாட்டு வாசலாத் தெரியாது. ஏன் எண்டு இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. 2016 ரியோவில் துளசி தருமலிங்கம் எண்ட தமிழ்ப் பெயர் குத்துச்சண்டைப் பட்டியலில் இருந்தது. ஆனால் அவர் ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழர், அந்தப் பட்டியலில் வந்தது கட்டார் நாட்டுக்காக. பெருமைப்பட்டோம். கூடவே, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வேறொரு நாட்டின் கொடி ஏன் வந்தது எண்டும் யோசித்தோம்.

அதே ரியோவில்தான் முதல்முறையாகத் தொழில்முறை வீரர்களையும் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். தகுதி பெற்று வந்த சிலரில் ஒருவருக்கும் பதக்கம் இல்லை. அமெரிக்காவில் தொழில்முறைப் போட்டிகள் ஆடிவிட்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்காகத் திரும்பி வந்த விகாஸ் கிருஷனும் முதல் போட்டியிலேயே, தோள் காயத்தோட தோற்றார். ஆக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போறது மட்டும் கஷ்டமில்லை, திரும்பி வாறதும் கஷ்டம்தான்.

எங்கட கருத்து இதுதான். ஒரு வீரன் தொழில்முறைக்குப் போனால் அவனைத் துரோகி எண்டும் சொல்ல வேணாம், அதிர்ஷ்டசாலி எண்டும் சொல்ல வேணாம். மூன்று கேள்வி கேட்போம். ஒப்பந்தத்தை வாசித்து விளங்கப்படுத்த அவன் பக்கத்தில் ஆர் இருக்கிறது? ஒருமுறை தோற்றால் அடுத்த போட்டியை ஆர் எடுத்துத் தருவது? ஆட்டம் முடிந்த பிறகு அவன்ர தலையை ஸ்கான் பண்ணிப் பார்க்க ஆர் காசு குடுப்பது?

இது குத்துச்சண்டைக்காரனுக்கு மட்டுமான கேள்வியும் இல்லை. எங்கட வகுப்பில் படித்த எத்தனையோ பேர் வாசிக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு கட்டாருக்கும் சவூதிக்கும் போயிருக்கிறார்கள். உடம்பை முதலாப் போட்டு உழைக்கிற எல்லாருக்கும் இதே மூன்று கேள்வி இருக்கு.

நிஷாந்த் தேவ் வெல்ல வேணும் எண்டுதான் எங்களுக்கும் ஆசை. அடுத்தமுறை அவர் பெயர் செய்தியில் வரும்போது எத்தனை பேரை வீழ்த்தினார் எண்டதை மட்டும் பார்க்காமல், கூட ஆர் நிக்கிறது எண்டதையும் பாருங்கள். அண்டைக்கு பஸ்ஸில் கதைத்து முடிக்காத வாக்குவாதத்தை நாங்களும் அங்கயிருந்துதான் திரும்பத் தொடங்கப் போறோம்.