ஏலம் கேட்டவர் எல்லாரும் காசு கட்டுவதில்லை

இணையவழி ஏலத்தில் ஆகக் கூடிய விலை கேட்டு வென்ற பிறகு காசு கட்டாமல் மறைந்துவிடுபவரால் விற்பவருக்கு வரும் நட்டம், விற்காமல் கிடக்கும் பொருளால் வரும் நட்டத்தைவிடப் பெரியது. விற்காத பொருள் விற்கவில்லை என்றாவது தெரியும். இங்கே பொருள் விற்றதாகக் கணக்கில் நிற்கும், காசு வராது, கூடக் கேட்டவர்களும் கலைந்து போயிருப்பார்கள்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாகிவிட்டதாக ஒரு வாசகம் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது: இடைத்தரகர் இல்லாத நேரடி ஏலம். தேயிலை, மிளகு, கராம்பு, பழைய நாணயம் என்று எதை விற்பவரிடமும் இதையே நீட்டுகிறார்கள். தரகரை வெட்டிவிட்டால் காசு நேரே விற்பவரின் வங்கிக் கணக்கில் வந்து விழுமாம். அத்தாட்சியாகக் கொழும்புத் தேயிலை ஏலம் காட்டப்படுகிறது. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில், அது திரைக்கு மாறியது. அதன் பின் ஏலமும் நிற்கவில்லை, கொடுக்கல் வாங்கலும் நிற்கவில்லை. ஆகவே எல்லாம் திரையின் மகிமை. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

இலங்கை மலைநாட்டின் ஹேவாஹெட்டப் பகுதியில் இந்த வாசகம் எடுபடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இலங்கைத் தேயிலையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டம் இந்த மலைகளில்தான் இருக்கிறது. அன்று தொடங்கி இங்கே விளைவது வேறெங்கோ ஏலம் போகிறது, முதலில் லண்டனில், 1883 ஜூலை 30 முதல் கொழும்பிலும். விளைவித்தவர் அந்த ஏலத்தைக் கண்ணால் கண்டதில்லை. சிறுதோட்டக்காரர் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார், தொழிற்சாலை தூளைக் கொழும்புத் தரகருக்கு அனுப்புகிறது, ஏலத்தில் கிடைத்த நிகர விற்பனைச் சராசரியில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்ற சூத்திரப்படி அடுத்த மாதம் காசு வருகிறது. இத்தனை கை மாறி வரும் காசு வழியில் எங்கேயோ ஒட்டிக்கொள்கிறது என்று யாருக்கும் தோன்றும். அந்தச் சந்தேகத்தின் மீதுதான் இந்த வாசகம் வியாபாரம் செய்கிறது.

வென்ற கேள்வி சட்டப்படி ஒப்பந்தம், ஆகவே காசு வந்தே தீரும் என்பது முதலில் சொல்லப்படுவது. முன்பாதி சரி. இலங்கையின் 1896ஆம் ஆண்டு 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி சுத்தியல் விழுந்ததும் ஏல விற்பனை முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னர் கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம், பின்னர் முடியாது. 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பின், திரையில் செய்த ஒப்பந்தம் திரையில் செய்தது என்பதற்காகச் செல்லாமல் போவதில்லை. பின்பாதிதான் கற்பனை. ஐயாயிரம் ரூபாய்த் தேயிலைக்காக ஹேவாஹெட்டயிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் ஒரு வழக்கறிஞர் முன் உட்கார்ந்தால், அவர் கேட்கும் முதற் கேள்வி எதிராளியின் பெயரும் விலாசமும். பயனர் பெயராக ஓர் ஆங்கிலச் சொல்லும் நான்கு இலக்கமும்தான் தெரியும் என்று விற்றவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எதிராளி டுபாயில் இருந்தால் பஸ் காசும் நட்டம்.

பேரும் ஊரும் உலகத்துக்கே தெரிந்த ஆளிடம்கூடச் சுத்தியல் காசு வாங்கித் தருவதில்லை. 2009 பெப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சாங் லோரானின் சேகரிப்பை ஏலம் விட்டது. பீஜிங்கின் பழைய கோடை அரண்மனையிலிருந்து கொள்ளை போன எலித் தலை, முயல் தலை ஆகிய இரு வெண்கலச் சிலைகளைத் தொலைபேசியில் கேட்டு வென்றவர் சாய் மிங்சாவ் என்ற சீனச் சேகரிப்பாளர். இரண்டுக்கும் சேர்த்து விலை ஏறத்தாழ மூன்று கோடியே பதினைந்து லட்சம் யூரோ. சில நாட்களில் அவர் ஊடகங்களைக் கூட்டி, காசு கட்டப்போவதில்லை, நாட்டுக்காகச் செய்தேன் என்று அறிவித்தார். சிலைகள் அவர் கைக்குப் போகவில்லை. பின்னர் அவற்றை வாங்கிய பிரெஞ்சு வணிகக் குடும்பமான பினோ குடும்பம் 2013இல் சீனாவுக்கே கொடுத்தது. கிறிஸ்டீஸுக்கே இந்தக் கதியென்றால், அரைக் கிலோப் பொட்டலத்தைப் படம் பிடித்துப் போட்டவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சிலைகள் தப்பியது ஏன் என்பதைக் கவனிக்க வேண்டும்: காசு வராமல் பொருள் கைமாறவில்லை.

நட்சத்திரமும் பின்னூட்டமும் வாங்குபவரை ஒழுங்குபடுத்தும் என்ற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. 1995இல் தொடங்கிய இணைய ஏலத் தளமான ஈபே அடுத்த வருடமே பின்னூட்ட முறையைக் கொண்டுவந்தது. 2008இல், வாங்குபவருக்கு விற்பவர் எதிர்மறைப் பின்னூட்டம் இடுவதையே அதே நிறுவனம் நிறுத்திவிட்டது. காசு கட்டாதவருக்கு அங்கே இன்றும் நல்ல நட்சத்திரம் மட்டுமே கொடுக்க முடியும். நான்கு நாள் காத்திருந்து, காசு வரவில்லை என்று காரணம் காட்டி விற்பனையை இரத்துச் செய்வதுதான் விற்பவருக்கு மிஞ்சியிருக்கும் வழி. அப்படிச் செய்தால் நிறுவனத்தின் கட்டணம் திரும்பக் கிடைக்கும், கட்டாதவரின் கணக்கில் ஒரு குறியும் விழும். போன கிழமை திரும்பக் கிடைக்காது.

அடுத்தது, எல்லாவற்றிலும் அதிகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் வாதம்: முதலாமவர் ஓடிவிட்டால் இரண்டாமவருக்குக் கொடுத்துவிடலாம், இதில் என்ன நட்டம்? ஈபேயில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. கேட்க அழகான யோசனை. இரண்டாமவரும் மனிதர், அவருக்கும் கணக்குத் தெரியும் என்பது மட்டும் இதில் விடுபட்டிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பேர் ஒரு பொதித் தேயிலையைக் கேட்கிறார்கள். மூன்றாமவர் 2,600 ரூபாயில் நின்றுவிட்டார். மற்ற இருவரும் போட்டி போட்டு ஏறி, இரண்டாமவர் 3,900இல் நின்றார், முதலாமவர் 4,000 சொல்லி வென்றார், பின் காணாமல் போனார். விற்பவர் இரண்டாமவரிடம் போய், நீங்கள் கேட்ட 3,900க்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இரண்டாமவர் என்ன யோசிப்பார்? அந்த ஓடிப்போன ஆள் ஏலத்திலேயே இல்லாமல் இருந்திருந்தால் தனக்கு இந்தத் தேயிலை 2,650க்கு வந்திருக்கும். காசு கட்டாத ஒருவர் ஏற்றிவிட்ட 1,250 ரூபாயைத் தான் ஏன் கட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. அதற்கு விற்பவரிடம் பதில் இல்லை.

அது மட்டும் அல்ல. இரண்டாமவருக்கு இன்னொரு சந்தேகமும் வரும், வராவிட்டால் அவர் ஏலத்துக்குப் புதியவர் என்று அர்த்தம். அந்த முதலாமவர் உண்மையான ஆள்தானா, அல்லது விலையை ஏற்றுவதற்கு விற்பவரே இறக்கிவிட்ட ஆளா? விற்பவர் தன் பொருளுக்குத் தானே விலை கேட்பது, அல்லது ஆள் வைத்துக் கேட்பது, முன்கூட்டி அறிவிக்காவிட்டால் பொருள் விற்பனைச் சட்டப்படி பிழை. வாங்குபவர் அதை மோசடி விற்பனையாகக் கொள்ளலாம். நேர்மையான விற்பவரிடமிருந்து வாங்குபவர் காசு கட்டாமல் ஓடினாலும், நேர்மையற்ற விற்பவர் தன் ஆளை வைத்து விலை ஏற்றித் தோற்றாலும், இரண்டாமவரின் திரையில் வந்து விழுவது ஒரே செய்திதான்: முதலாமவர் விலகிவிட்டார், உங்களுக்கு வாய்ப்பு. இரண்டையும் பிரித்தறிய அவருக்கு வழியே இல்லை. ஆகவே கவனமான ஆள் பதில் போட மாட்டார், அல்லது 2,700 தருகிறேன் என்பார். அவரும் மறுத்தால் மீண்டும் ஏலம். மறு ஏலத்துக்கு வரும் பொருளைப் பார்த்ததும் இதில் ஏதோ குறை என்று எல்லாரும் நினைப்பார்கள். இத்தனைக்கும் இடையில் தூள் புதுமை இழந்துகொண்டிருக்கும். பழைய நாணயத்துக்கு இந்தக் கவலை இல்லை, தேயிலைக்கு உண்டு. இதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதையும் விற்றவர்களாக இருப்பதில்லை.

காசு நேராக வரும் என்ற சொல்லே எவ்வளவு வளைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கைக் கணக்கு ஒன்றுக்குக் காசு வாங்கும் வசதியைப் பேபால் நீண்ட காலம் தரவில்லை. இங்கிருந்து அனுப்ப முடிந்தது, பெற முடியவில்லை. வெளிநாட்டுக்காரர் மனமுவந்து கட்டினாலும் அந்தக் காசு ஒரு மேடைக்கும், ஒரு கொடுப்பனவு நிறுவனத்துக்கும், ஒரு வங்கிக்கும் ஆளுக்கொரு கழிவு கொடுத்துவிட்டுத்தான் ஹேவாஹெட்டக்கு ஏறி வரும். தெரிந்த ஒரு தரகரை நீக்கிவிட்டு, தொலைபேசி இலக்கம்கூடத் தராத மூன்று தரகர்களை வைத்துக்கொள்வதற்குப் பெயர் நேரடி விற்பனை.

எஞ்சுவது கொழும்பு அத்தாட்சி. அங்கே ஏலம் ஒழுங்காக நடப்பது உண்மை, அது திரையால் வந்த ஒழுங்கு என்பதுதான் பொய். கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் அமைந்தது 1894இல், கணினிக்கு வெகு காலம் முன்பு. அங்கே யாரும் தெருவிலிருந்து வந்து விலை கேட்க முடியாது. வாங்குபவர் பதிவு பெற்றவர், பேரும் அலுவலகமும் உள்ளவர், பெரும்பாலும் பல தலைமுறையாக அதே தொழிலில் இருக்கும் ஏற்றுமதியாளர். தேயிலையின் மாதிரி முன்கூட்டியே அவர் கைக்குப் போய், தண்ணீர் கொதித்து, சுவை பார்த்தாகிவிட்டது. ஆகவே, படத்தில் வேறு நிறமாக இருந்தது என்று பின்னர் சாக்குச் சொல்ல வாய் இல்லை. விற்பனைக்குப் பின் ஒரு கிழமையில் காசு கட்டும் நாள் வருகிறது. கட்டினால்தான் சரக்கை விடுவிக்கும் கடிதம் கிடைக்கும், கட்டாதவரின் தேயிலை கிடங்கிலேயே இருக்கும். அடுத்த கிழமை அவர் மறுபடி வர வேண்டியதும் விரல் விட்டு எண்ணக்கூடிய அதே தரகு நிறுவனங்களின் முன்தான். ஒரு பொதிக்காக முகத்தை இழந்தால் வருடம் முழுவதும் வாங்க முடியாது.

காசு கட்டாதவரைத் துரத்துவது, கட்டக்கூடியவரை முன்கூட்டியே அறிந்து வைப்பது, காசு வரும்வரை சரக்கை விடாமல் பிடித்து வைப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கும் சேர்த்துத்தான் தரகர் தன் கழிவை எடுக்கிறார். காசு வரும்வரை தாங்க முடியாத தொழிற்சாலைக்கு அவரே முற்பணமும் கொடுக்கிறார். அந்த முற்பணத்துக்கு வட்டி உண்டு, அதில் மாட்டிக்கொண்ட தொழிற்சாலை தரகரை மாற்றுவது எளிதல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தரகரை நீக்கினால் இந்த வேலைகள் நீங்கிவிடுவதில்லை, சம்பளம் இல்லாமல் விற்பவரின் தலையில் ஏறுகின்றன.

சட்டமும் இதையே சொல்கிறது. காசு கிடைக்காத விற்பனையாளருக்கு அந்த 1896ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வலிமையான உரிமை வழக்கு அல்ல. பொருள் தன் கையில் இருக்கும்வரை அதைக் கொடுக்காமல் வைத்திருக்கும் உரிமை; வாங்கியவர் வங்குரோத்து நிலைக்குப் போனால் அனுப்பிய பொருளை வழியில் மறிக்கும் உரிமை; அறிவித்தல் கொடுத்து, நியாயமான காலம் பொறுத்து, வேறொருவருக்கு விற்று, விலை குறைந்த தொகையை முதலாமவரிடம் கேட்கும் உரிமை. கெட்டுப்போகும் பொருளென்றால் அறிவித்தலும் தேவையில்லை. மூன்றும் பொருள் வாங்கியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை மட்டுமே பயன்படும். தபாலில் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு காசு எதிர்பார்ப்பவர் இவற்றைத் தாமாகவே கைவிட்டவர்.

திரையில் தனியாக ஏலம் விடத்தான் வேண்டும் என்பவர் கட்டுக்காசு வாங்காமல் யாரையும் விலை கேட்க விடக் கூடாது. அண்மை ஆண்டுகளில் ஈபேகூடப் பல ஏலங்களில், கேள்வி போடுவதற்கு முன்பே கட்டண அட்டை விபரத்தை வாங்கி வைக்கத் தொடங்கிவிட்டது. நட்சத்திரத்தை நம்பியது போதும் என்று அதற்கே தெரிந்துவிட்டது. கண்டி நகரில் நகை அடகு ஏலத்திலும், ஊர்க் கோயில் திருவிழா ஏலத்திலும்கூட, கேட்பவர் யார் என்று விடுபவருக்குத் தெரியும்.

கொழும்பில் 2020 ஏப்ரலில் திரைக்குப் போனது விலை கேட்கும் வேலை ஒன்றுதான். காசு கட்டும் நாளும், கிடங்கும், சரக்கை விடுவிக்கும் கடிதமும், தரகரும் அப்படியே இருக்கின்றன.