பாங்கியும் துப்பாக்கியும்

ஒருவன் தன் பணத்தை ஒரு பாங்கியில் போடுவதும், பிறகு எடுத்துக்கொள்வதும் அவனுடைய சொந்த விவகாரம். அதைப்பற்றிப் பத்திரிகைகள் பேசவேண்டிய அவசியம் ஸாதாரணமாக இராது. ஆனால் அமெரிக்காவில் சில வருஷங்களாக நடந்துவரும் ஒரு தகராறு இதனை ராஜ்ய விஷயமாக்கிவிட்டது. துப்பாக்கி விஷயத்தில் தன் பாங்கி கைக்கொண்ட கொள்கை பிடிக்காத காரணத்தால், நெடுங்கால வாடிக்கையை முறித்துக்கொண்டு ஒருவன் வெளியேறுவது யுக்தமா? யுக்தமே என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் அவ்வுரிமைக்கு எல்லை எது என்பதையும் கூடவே ஆராய்தல் வேண்டும்.

1918-ஆம் வருஷத்துக்கு நூறாண்டு பின்னர், 2018 பிப்ரவரி 14-ந் தேதி, ப்ளோரிடா மாகாணத்துப் பார்க்லாண்ட் நகரப் பள்ளிக்கூடத்தில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது 19. துப்பாக்கியை அவன் சட்டப்படியே விலைக்கு வாங்கியிருந்தான். அடுத்த மாதத்தில் சிட்டி பாங்கிக் குழுவார் ஒரு நிபந்தனை விதித்தனர். தம்முடன் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் கடைக்காரர்கள், பூர்வோத்தர விசாரணையில் தேறாதவர்களுக்கும், 21 வயது நிரம்பாதவர்களுக்கும் துப்பாக்கி விற்றலாகாது என்பதே அது. விசாரணை மூன்று வேலை நாட்களுக்குள் முடியாவிடில் விற்றுவிடலாம் என்று தேசச் சட்டம் இடங்கொடுத்தது. பாங்கியோ அதனினும் கண்டிப்பாக நின்றது. ஆனால் தனி மனிதன் தன் கார்டைக் கொண்டு துப்பாக்கி வாங்குவதை அது தடுக்கவில்லை. ஏப்ரலில் பாங்க் ஆப் அமெரிக்காவும், பொதுஜனங்களுக்கென்று யுத்த மாதிரித் துப்பாக்கி செய்வோருக்குக் கடன் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது.

வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு குடியானவர், முப்பது வருஷம் பழகிய பாங்கி தம்மை ஸந்தேகக் கண்ணால் பார்க்கிறதென்று எண்ணி விலகுகிறாரென்று வைத்துக்கொள்வோம். அவரை நாம் குறைகூற மாட்டோம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அவருடைய தேசத்து அரசியல் சாஸனத்தில் 1791-ஆம் வருஷம் முதல் எழுதப்பட்டிருப்பது. அது தனி மனிதனுடைய உரிமையே என்று 2008-ல் அத்தேசத்து உயர்தர நியாயஸ்தலம் தீர்ப்புச் சொல்லியும் இருக்கிறது. இந்தியனுக்கு அனுமதிச் சீட்டும் ஐரோப்பியனுக்கு விலக்கும் அளித்த 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தைக் காங்கிரஸ் மஹாஸபை பலமுறை கண்டித்ததை அறிந்த நாம், அவருடைய மனக்கசப்பை உணரக் கூடியவர்களே.

அதே சிட்டி பாங்கிக் குழு 2025 ஜூன் மாதத்தில், புதிய ராஜாங்க உத்தரவுகளையும் சுட்டிக்காட்டி, அந்நிபந்தனையைக் கைவிட்டது. இப்பொழுது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், நிபந்தனைக்காகவே அங்கே வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போனால், அவளையும் நாம் குறைகூற மாட்டோம். அவருக்கு எது நியாயமோ அதுவே இவளுக்கும் நியாயம். அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த தேசத்தாராகிய நமக்கு இதை விஸ்தரித்துச் சொல்லவேண்டியதில்லை. பலாத்காரமின்றி, தன் நஷ்டத்தைத் தானே ஏற்று, வெளிப்படையாக விலகுவதே பகிஷ்காரத்தின் தர்மம்.

ஆனால் ஸர்க்கார் பகிஷ்காரம் செய்யப் புறப்படும்பொழுது விஷயம் வேறாகிறது. டெக்ஸாஸ் மாகாணத்தார் 2021-ல் ஒரு சட்டம் செய்தார்கள். துப்பாக்கித் தொழிலாளரிடம் பக்ஷபாதம் காட்டுவதில்லையென்று எழுதிக்கொடாத கம்பெனிகளுக்கு மாகாணத்துப் பெரிய ஒப்பந்தங்கள் இல்லையென்பது அதன் ஸாரம். பெரிய பாங்கிகள் சில விலகவே, போட்டி குறைந்து வட்டி ஏறிற்று. எண்ணெய்க் கம்பெனிகளுக்காகச் செய்த கூட்டுச் சட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்த நிபுணர்கள், முதல் எட்டு மாதத்துக் கடன்களில் மட்டும் 30 கோடி டாலருக்கு மேல் அதிக வட்டி விழுந்ததாகக் கணக்கிட்டார்கள். குடியானவர் தம் நஷ்டத்தைத் தாமே சுமந்தார். மாகாணத்தாரோ தம் கோபத்தின் கிரயத்தை வரி செலுத்துவோர் தலையில் வைத்தார்கள்.

எதிர்க்கட்சியாரும் குற்றமற்றவரல்லர். துப்பாக்கிக்காரர் சங்கத்துடன் உறவு வேண்டாமென்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை நியூயார்க் அதிகாரி ஒருவர் வற்புறுத்தியதாகத் தொடரப்பட்ட வழக்கில், ஒருவருடைய அபிப்பிராயத்தை ஒடுக்கும் பொருட்டு மூன்றாம் பேரை ஸர்க்கார் மிரட்டலாகாது என்று 2024-ல் உயர்தர நியாயஸ்தலத்து நீதிபதிகள் ஒருமுகமாகச் சொன்னார்கள். துப்பாக்கியை வெறுப்போரும் விரும்புவோரும் ஒருங்கே மனத்தில் வைக்கவேண்டிய வாக்கு இது.

பாங்கிகளுக்கும் கடமையுண்டு. கொள்கை எதுவாயினும் அதை முன்கூட்டிப் பகிரங்கமாகச் சொல்லவேண்டும். சட்டம் அனுமதித்த தொழில் செய்பவன் கணக்கைக் காரணம் சொல்லாமல் மூடுவது முறையன்று. ஸர்க்காருக்கு உள்ள கடமையோ இதனினும் பெரிது. துப்பாக்கியைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின் சட்டஸபையில் சட்டம் செய்யட்டும். வேண்டாமாயின் அதையும் அங்கேயே சொல்லட்டும். பாங்கிகளை ஆட்டிவைத்து அக்காரியத்தைச் சாதிக்க முயல்வது கோழைத்தனம்.

வாடிக்கைக்காரன் விலகும் உரிமைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், அவன் போய்ச் சேருவதற்கு வேறு கொள்கையுடைய இன்னொரு பாங்கி இருக்கவேண்டும். எல்லாப் பாங்கிகளையும் ஸர்க்கார் ஒரே அச்சில் வார்த்துவிட்டால், குடியானவரும் அந்தத் தாயும் கையில் பணத்துடன் தெருவில் நிற்க வேண்டியதுதான்.