ஃப்ரீமேசனா? சொல்லிடுங்க: லண்டன் போலீஸுக்கு உத்தரவு ஏன்?

லண்டன் மாநகர போலீஸில் வேலை செய்பவர் ஃப்ரீமேசன் அமைப்பில் இருந்தால், முன்பு இருந்திருந்தாலும், துறையிடம் சொல்லியாக வேண்டும். 2025 டிசம்பரில் வந்த உத்தரவு இது. சேரக்கூடாதுன்னு தடையெல்லாம் இல்லை. ஆனாலும் இங்கிலாந்து ஃப்ரீமேசன்களின் தலைமை அமைப்பு கோர்ட்டுக்குப் போனது.

1717-ல் லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ் உருவானது. கொத்தனாரின் கருவிகள்தான் இவர்களின் பாடம். மூலைமட்டம் என்றால் நேர்மையாக நட, கவராயம் என்றால் ஆசைக்கு எல்லை போடு. எந்த மதமாக இருந்தாலும் கடவுள் நம்பிக்கை வேண்டும். லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் பேசக்கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு.

சிக்கல், சகோதரனுக்குக் கைகொடுக்கணும் என்ற உறுதிமொழியில். சட்டத்தை மீறுபவருக்கு அது பொருந்தாது என்பதும் அவர்கள் விதிதான். ஆனால் புகாருக்கு ஆளானவரும் விசாரிப்பவரும் ஒரே லாட்ஜ் என்றால், புகார் கொடுத்தவர் எதை நம்புவார்?

1987-ல் தனியார் துப்பறிவாளர் டேனியல் மோர்கன் லண்டனில் கொல்லப்பட்டார். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. அந்த விசாரணையை ஃப்ரீமேசன் தொடர்பு கெடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது 2021-ல் வந்த சுயாதீனக் குழு அறிக்கை. ஆனாலும் சந்தேகமே நம்பிக்கையைக் கெடுக்கிறது என்பதால், உறுப்பினர் என்பதைத் தெரிவிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது.

'எங்களை மட்டும் ஏன் குறிவைக்கிறீங்க?' என்பது ஃப்ரீமேசன்களின் கேள்வி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய நீதிபதிகளுக்கு 1998-ல் கொண்டுவந்த இதே மாதிரி விதியை, பிரிட்டன் அரசே 2009-ல் கைவிட்டது.