நாள்தோறும் என்ற ஒரு சொல்

தம்மைப் பின்பற்ற விரும்புகின்ற எவரும் தன்னலத்தைக் களைந்து, தமது சிலுவையைச் சுமந்துகொண்டு தம் பின்னே வரவேண்டுமென இயேசு ஆண்டவர் கூறியதை மத்தேயு (16:24), மாற்கு (8:34), லூக்கா (9:23) ஆகிய மூன்று நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கின்றார்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே சொற்களையே பயன்படுத்துகின்றார்கள். ஆயினும் லூக்கா மட்டும் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்திருக்கின்றார். சிலுவையை ‘நாள்தோறும்’ சுமக்க வேண்டும் என்கின்றார் அவர். விபூதிப் புதனுக்கு அடுத்துவரும் வியாழக்கிழமைத் திருப்பலியில் திருச்சபை இந்தப் பகுதியைத்தான் எமக்கு வாசித்துக் காட்டுகின்றது. நெற்றியில் சாம்பல் பெறுவதற்காகப் புதன்கிழமை ஆலயத்தை நிறைத்தவர்களுள் பெரும்பாலானோர் வியாழக்கிழமை வருவதில்லை என்பதால், அந்தச் சொல் எம்மில் பலரது காதில் விழாமலே போய்விடுகின்றது.

சற்றுச் சிந்தித்துப் பார்த்தால் அது வியப்பான ஒரு சொல். உரோமையரின் ஆட்சிக்காலத்தில் சிலுவை சுமந்து ஊருக்கு வெளியே போனவன் மாலையில் வீடு திரும்புவதில்லை. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சிலுவை சுமக்க முடியும். அதை எவ்வாறு நாள்தோறும் சுமப்பது? காலையில் எழுந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, வயலுக்கோ கடலுக்கோ கந்தோருக்கோ போய், இரவில் செபமாலை சொல்லிப் படுக்கின்ற ஒரு குடும்பத்துக்கு அந்தச் சொல் எதைக் கூறுகின்றது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர்கள் இந்த மண்ணில் இருக்கின்றார்கள். 1544 இல் மன்னாரில், யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட புதுக்கிறிஸ்தவர்களை நாம் வேதசாட்சிகளாக நினைவுகூருகின்றோம். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டுக்கென வந்தவர்கள், வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்ட சாதாரண குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. அவர்களை நினைக்கும்போது தலை தாழ்கின்றது. ஆனால் எம்மில் பெரும்பாலானோரிடம் ஆண்டவர் கேட்பது அத்தகைய ஒரு நாளையன்று. அவர் கேட்பது திங்கட்கிழமையை.

திங்கட்கிழமை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலிதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலி அடைக்கும் காலத்தில் கதியாலை நான்கு விரற்கடை அப்பால் அரக்கி நடுவதும், அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டார் அதை ஐந்து விரற்கடை இப்பால் அரக்கி நடுவதும், பின்னர் வாய்ச்சண்டையாகி, வழக்காகி, வழக்கு முடியுமுன் வழக்காளிகள் முடிந்துபோவதும் எமக்குப் புதிய கதையல்ல. போருக்குப் பின் இது இன்னும் சிக்கலாயிற்று. இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள், எல்லைக்கு நின்ற பூவரசும் கிளுவையும் இல்லாத வெறுங்காணியைக் கண்டார்கள். சிலரிடம் காணி உறுதிகூட எஞ்சவில்லை. நில அளவையாளரின் சங்கிலிக்கும் முதியவர்களின் நினைவுக்கும் இடையில் எல்லையைத் தேடவேண்டியிருந்தது. அந்தத் தேடலில் சிலர் பெருந்தன்மையோடு நடந்தார்கள். சிலர் அண்ணன் தம்பி என்ற உறவையும் மறந்தார்கள்.

இவ்வாறு முகம் முறித்துக்கொண்ட இரு குடும்பங்கள் ஒரே ஆலயத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் வலப்பக்கத்தில் அமர்கின்றது, மற்றது இடப்பக்கத்தில். சமாதானத்தைப் பகிரும் நேரத்தில் இரு குடும்பத்தாரும் நாற்புறமும் திரும்பிக் கைகூப்புகின்றார்கள். அந்த ஒரு திசையை மட்டும் விட்டுவிடுகின்றார்கள். பிறகு இருவரும் வரிசையில் சென்று ஒரே நற்கருணையை உட்கொள்கின்றார்கள். இதை நாம் கண்டிருக்கின்றோம். வேதனை என்னவென்றால், கண்டு கண்டு இது எமக்குப் பழகிப்போய்விட்டது.

மலைப்பொழிவில் ஆண்டவர் இதைப்பற்றித் தெளிவாகவே பேசியிருக்கின்றார் (மத்தேயு 5:23-24). காணிக்கை செலுத்த வந்தவன் பீடத்தின் முன் நிற்கும்போது மனத்தாங்கல் ஒன்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவரது கட்டளை. இதைக் கேட்டவர்கள் கலிலேயாவின் மக்கள். அவர்களுடைய பீடம் எருசலேமில் இருந்தது. எருசலேமுக்கு ஏறத்தாழ மூன்று நாள் நடை. பலிப்பொருளைப் பீடத்தின் முன் விட்டுவிட்டு, மூன்று நாள் நடந்து ஊருக்குப் போய், சகோதரனைச் சந்தித்து, மறுபடி மூன்று நாள் நடந்து வரவேண்டும். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்! எமது பகையாளியோ வேலிக்கு அப்பால்தான் இருக்கின்றார்.

அந்தப் பகுதியில் இன்னொன்றையும் கவனியுங்கள். உமக்குச் சகோதரன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று ஆண்டவர் கூறவில்லை. சகோதரனுக்கு உம்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றே கூறுகின்றார். யாருடைய உறுதி சரியானது, யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியை அவர் அவ்விடத்தில் எழுப்பவேயில்லை. நாமோ எழுப்பும் ஒரே கேள்வி அதுதான். “பிழை அவனிலே, அவன் வரட்டும்” என்று பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கின்றோம். முதலில் நடந்து போகவேண்டியவர் நினைவு வந்தவர்தான். நியாயம் தம் பக்கம் இருந்தாலும் படலையைத் திறந்துகொண்டு முதலில் போவது பெரும் வலியைத் தருவது. தன்மானம் என்று நாம் பேணிவைத்திருக்கும் ஒன்று அங்கே சாகின்றது. நாள்தோறும் சுமக்கும் சிலுவை என்று லூக்கா எழுதியது இத்தகைய ஒன்றையே என நான் நம்புகின்றேன்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தைப்பற்றிக் கூறாமல் மேலே செல்ல என் மனம் இடந்தரவில்லை. சிலுவை என்ற சொல்லை எமது குடும்பங்களில் மிகவும் அநியாயமாகப் பயன்படுத்துகின்றோம். குடித்துவிட்டு வந்து அடிக்கின்ற கணவனைப்பற்றி ஒரு பெண் தன் தாயிடம் அழும்போது, “பொறுத்துக்கொள் பிள்ளை, அது உனக்கு ஆண்டவர் தந்த சிலுவை” என்ற மறுமொழி வருகின்றது. பங்கிலுள்ள பெரியவர்கள் சொல்கின்றார்கள். சில வேளைகளில் எம்மைப் போன்று எழுதுபவர்களும் பேசுபவர்களும் சொல்லியிருக்கின்றோம். அது தவறு. சிலுவை என்பது அன்பு செய்வதற்காக ஒருவர் தாமே மனமொப்பி ஏற்கின்ற விலை. மற்றொருவரின் கொடுமைக்கு இடப்படுகின்ற திருப்பெயர் அன்று. ஆண்டவருடைய வாழ்வையே பாருங்கள். நாசரேத்து மக்கள் அவரை மலை உச்சியிலிருந்து தள்ளிவிட முயன்றபோது அவர் நின்றுகொண்டிருக்கவில்லை. அவர்கள் நடுவே நடந்து விலகிச் சென்றார் (லூக்கா 4:29-30). ஓர் ஊரில் துன்புறுத்தினால் வேறோர் ஊருக்கு ஓடிப்போகும்படி சீடர்களுக்கும் சொன்னார் (மத்தேயு 10:23). தலைமைக் குருவின் முன் காவலன் கன்னத்தில் அறைந்தபோது, அடித்ததற்குக் காரணம் என்னவென்று அவனிடமே கேட்டார் (யோவான் 18:23).

திருச்சபையும் இதில் மௌனமாக இல்லை. வாழ்க்கைத் துணைவருள் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ பெரும் ஆபத்தை விளைவித்தால், மற்றவர் பிரிந்து வாழ்வதற்கு நியாயமான காரணம் உண்டென 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1153 ஆம் இலக்கத்தில் ஏற்கின்றது. நாட்டின் சட்டத்திலும் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இவற்றை நாடுகின்ற பெண் சிலுவையை உதறியவள் அல்லள். அப்படிப்பட்ட ஒருத்தி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அவளுக்கு அறிவுரை கூறுவதைவிடக் கதவைத் திறப்பதே உங்கள் பங்காகும். ஊர் உங்களைப்பற்றி நான்கு வார்த்தை பேசும். அந்தச் சிலுவை உங்களுடையது.

சிலுவை சுமந்துகொண்டு இயேசுவின் பின்னே நடந்ததாக நற்செய்தி கூறும் ஒரே மனிதர் சிரேன் ஊரவரான சீமோன். அவர் சீடர் அல்லர். வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்து, சிலுவையை அவர்மேல் வைத்து, இயேசுவின் பின்னே சுமக்கச் செய்தார்கள் என்று லூக்கா எழுதுகின்றார் (23:26). அவர் அதைத் தேடிப் போகவில்லை, வழியில் எதிர்ப்பட்டது. எமது வீடுகளிலும் இப்படி எதிர்ப்பட்டவர்கள் இருக்கின்றார்கள். தாய் பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார். நான்கு பிள்ளைகளுள் மூவர் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கின்றார்கள். ஊரில் எஞ்சிய மகள் விடியற்காலையில் தாயைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, இரவில் மூன்று முறை எழும்புகின்றாள். வெளிநாட்டிலிருந்து மாதந்தோறும் பணம் வருகின்றது. தொலைபேசியில் ஆலோசனைகளும் வருகின்றன. பணம் தேவைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு திருப்பலிக்குப் போக முடியாமல் வருந்துகின்ற அந்த மகளிடம், ஒரு ஞாயிறு காலை “நீ போய் வா அக்கா, அம்மாவோடு நான் இருக்கின்றேன்” என்று சொல்ல அயலில் ஒருவரும் இல்லாமற்போவது எமது பங்குகளுக்குப் பெருமை தருவதன்று.

இத்தகைய சிறிய காரியங்களா கிறிஸ்துவைப் பின்பற்றுதல் என்று நீங்கள் கேட்கலாம். எமது புனிதரான யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்வைப் பாருங்கள். அவர் 1687 இல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது, குருக்கள் இல்லை. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, யார் அதைக் கண்டு முகம் மலர்கின்றார்கள் எனப் பார்த்து அவர் கத்தோலிக்கரை அடையாளங்கண்டார். அந்த முகமலர்ச்சியை எண்ணிப் பாருங்கள். குரு இல்லாத, திருப்பலி இல்லாத அத்தனை ஆண்டுகளிலும் எவரோ ஒரு தாய் இருட்டில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்திருக்கின்றாள். பின்னர் சில்லாலை மக்கள் அடிகளாரை மறைவில் வைத்துக் காத்தார்கள். அவர்கள் செய்ததெல்லாம் இரவில் கதவைத் திறந்ததும், பகலில் வாயை மூடியிருந்ததும்தான். அவர்களது பெயர்கள் எமக்குத் தெரியாது.

அடிகளார் 1692 இல் கண்டிக்குச் சென்று ஒற்றன் எனச் சிறைவைக்கப்பட்டார். 1697 இல் அங்கு அம்மை நோய் பரவியபோது, உறவினராலேயே கைவிடப்பட்டவர்களைத் தேடிச்சென்று, அவரும் அவரது மருகரான யோசேவ் கர்வாலோ அடிகளாரும் கழுவித் துடைத்து உணவூட்டினார்கள். மதத்தையோ இனத்தையோ அவர்கள் கேட்கவில்லை. 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் இறக்கும்வரை அவர் தமது ஊரான கோவாவுக்குத் திரும்பவில்லை. 1995 இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் 2015 இல் பாப்பரசர் பிரான்சிசும் காலிமுகத்திடலில் முறையே முத்திப்பேறும் புனிதர் நிலையும் வழங்கியபோது திரண்ட மக்கள்வெள்ளத்தை நாம் அறிவோம். அந்த இரண்டு நாட்களுக்குப் பின்னால் இருந்தவை இருபத்து நான்கு ஆண்டுகளின் நாட்கள். அவற்றிற் பெரும்பாலானவற்றை ஒருவரும் பார்க்கவில்லை.

கெத்சமனியில் ஆண்டவர் கைதுசெய்யப்பட்ட இரவில் பேதுரு அவரைப் பின்தொடர்வதை நிறுத்திவிடவில்லை. தொலைவில் பின்தொடர்ந்தார் என்று லூக்கா எழுதுகின்றார் (22:54). பிறகு முற்றத்தில் மூட்டிய நெருப்பருகே மற்றவர்களோடு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஆண்டவர் தெரிந்தார். நெருப்பின் சூடும் கிடைத்தது. என்னைப்பற்றி நான் எண்ணிப் பார்க்கும்போது, பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் இருந்திருக்கின்றேன் என்று தோன்றுகின்றது. நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றீர்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இன்றைய திருப்பலி முடிந்து வீடு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். மதிய உணவுக்குப் பின் சற்று ஓய்வு கிடைக்கும். உங்கள் வீட்டு வேலி இவ்வாண்டு அடைக்கவேண்டியதாயின், நூல் பிடிக்கும் நாளன்று அப்பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். நூலின் மறுமுனையை அவரே பிடிக்கட்டும்.