நெஞ்சில் ஆபரேஷன்... அன்று மாலையே வீடு! சின்னக் குழந்தைக்கு இது பாதுகாப்பானதா?

``என் மகளுக்கு ஒன்றரை வயது. மூச்சுக்குழாயை ஒட்டி பிறவியிலேயே ஒரு நீர்க்கட்டி இருக்கிறது. `துளை போட்டு எடுத்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம்' என்கிறார் டாக்டர். `நெஞ்சுல கைவெச்ச புள்ளைய ஒரு ராத்திரிகூட வெச்சுப் பார்க்காம அனுப்புவாங்களா?' என்று பதறுகிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?'' - நம் இன்பாக்ஸுக்கு வந்த கேள்வி இது.

மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. டாக்டர் சொன்னதும் சரிதான். ஆனால், அதில் `எல்லாம் சரியாக இருந்தால்' என்ற பகுதியைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

துளை சின்னது... ஆபரேஷன்?

முன்பெல்லாம் விலா எலும்புகளுக்கு இடையே நீளமாகக் கீறி, எலும்புகளை விலக்கித்தான் உள்ளே போவார்கள். வலி அதிகம். வளரும் குழந்தை என்பதால் பின்னாளில் முதுகெலும்பு வளையவும் வாய்ப்புண்டு. `தோராகோஸ்கோப்பி' முறையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் மூன்று, நான்கு துளைகள் போதும். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். 1910-ல் ஸ்வீடன் மருத்துவர் ஜேக்கோபியஸ் பெரியவர்களுக்குத் தொடங்கிவைத்த முறை இது. 1970-களில் அமெரிக்க மருத்துவர் பிராட்லி ராட்ஜர்ஸ் இதைக் குழந்தைகளுக்கும் பயன்படுத்தினார்.

துளை சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று நினைத்துவிடாதீர்கள். கருவிகளுக்கு இடம் வேண்டுமே! அதற்காக ஒருபக்க நுரையீரலைச் சுருக்கிவைப்பார்கள். அந்த நேரம் முழுக்கக் குழந்தை பெரும்பாலும் மறுபக்க நுரையீரலை நம்பித்தான் இருக்கும். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து அனுபவமுள்ள டாக்டர் உடனிருப்பது அவசியம். சிக்கல் வந்தால், பாதியில் பழைய முறைக்கு மாறவும் செய்வார்கள். அது குழந்தையின் பாதுகாப்புக்காகத்தான்.

மாலையே யார் கிளம்பலாம்?

இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நெஞ்சுக்குழாய். உள்ளே தேங்கும் காற்றையும் நீரையும் வெளியேற்ற வைக்கும் குழாய் இது. சிறிய கட்டி அகற்றுவது, திசு மாதிரி எடுப்பது போன்றவற்றில் காற்றுக்கசிவு இல்லையென்றால், குழாயே தேவைப்படாமல் போகலாம்; அல்லது சில மணி நேரத்தில் எடுத்துவிடலாம்.

அதன்பிறகு, எக்ஸ்ரேயில் நுரையீரல் நன்றாக விரிந்திருக்க வேண்டும். ஆக்ஸிஜன் உதவியில்லாமல் குழந்தை சுவாசிக்க வேண்டும். பால் குடிக்க வேண்டும். வாய்வழி மருந்திலேயே வலி அடங்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அன்றிரவு ஆஸ்பத்திரியில்தான்.

இவர்கள் தங்குவதே நல்லது

* குறைமாதத்தில் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள். மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு விட்டுவிட்டு நிற்கும் அபாயம் இவர்களுக்கு அதிகம்.
* இதயக் கோளாறு உள்ளவர்கள், ஆக்ஸிஜன் தேவைப்படுபவர்கள்.
* நெஞ்சில் சீழ் கோத்தவர்கள். இவர்களுக்குக் குழாய் சில நாள்கள் இருக்க வேண்டியிருக்கும்.
* ஆஸ்பத்திரியிலிருந்து வெகுதூரத்தில் வீடு உள்ளவர்கள்.

வீட்டில் முதல் இரவு

அன்றே வீட்டுக்கு வந்தால், நர்ஸ் பார்க்க வேண்டியதை நீங்கள் பார்க்க வேண்டும். அழாமல் இருக்கும்போதோ, தூங்கும்போதோ ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, ஒன்று முதல் 5 வயதுக்குள் என்றால் 40. இதைத் தொட்டாலோ, தாண்டினாலோ உடனே டாக்டருக்கு போன் செய்யுங்கள். காய்ச்சல், பால் மறுப்பது, துளைகளைச் சுற்றி வீக்கம் என்றாலும் அப்படியே. மூச்சுவிடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, உதடு நீலமானாலோ 108-ஐ அழையுங்கள். வலி மருந்தை, டாக்டர் எடை பார்த்து எழுதிய அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். குழந்தை அழுத பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்ட தோழிக்கு... ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குழாய் வைப்பீர்களா? என்ன நடந்தால் டிஸ்சார்ஜைத் தள்ளிப்போடுவீர்கள்? நடு ராத்திரியில் எந்த நம்பருக்கு போன் செய்ய வேண்டும், யார் எடுப்பார்கள்? மாமியாரையும் அழைத்துச் சென்று, பதிலை அவரும் கேட்கட்டும்.

பையில் ஓர் இரவுக்கான துணியையும் எடுத்து வையுங்கள். மாலையில் வீடு திரும்பினால் சந்தோஷம். மறுநாள் காலையில் திரும்பினாலும் ஒன்றும் குறைந்துவிடாது!