காசுக்காரரின் விசர் விளையாட்டா?

இத்தாலியில், பலெர்மோவின் பல்லரோ சந்தையில் மரக்கறி வாங்க நிற்கும் நம்மவர்களிடம், வீட்டிலேயே சிறு விமானம் கட்டுகிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். பதில் உடனே வரும்: “அது காசுக்காரரின்ர விசர் விளையாட்டு. விழுந்து சாகிற வேலை. சட்டமும் விடாது. செய்தாலும் என்ன பிரயோசனம்?” எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பதுபோலத் தெரிகிறது. பிரித்து வைத்துப் பார்த்தால் அவ்வளவு உறுதி இல்லை.

முதலில் காசு. கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தொடுபுழாப் பக்கத்தைச் சேர்ந்தவர் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. மின்சாதனங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். சிறுவயதில் ரப்பர் தோட்டங்களுக்கு மேலே மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைக் கண்டதும் பற்றிக்கொண்டது விமான ஆசை. அவர் கட்டிய மிக இலகு விமானம் 2014-இல் நம் திருநெல்வேலிச் சீமையில், அம்பாசமுத்திரத்தை அடுத்த மணிமுத்தாறு ஓடுபாதையிலிருந்து எழும்பியது. இவரைக் காசுக்காரர் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

எதிர்க்கட்சிக்கும் ஆள் உண்டு. ஆலப்புழாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பொறியாளர் அசோக் தாமரக்ஷன், கொரோனா முடக்க காலத்தில் தென்னாப்பிரிக்கக் கம்பெனியின் ‘ஸ்லிங்’ கிட்டை (நாமே பொருத்திக் கட்டும் பாகங்களின் தொகுப்பை) வாங்கி நான்கு பேர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டினார். மகளின் பெயரைச் சேர்த்து ‘ஜி-தியா’ என்று அழைத்தார். செலவு ஏறத்தாழ 1,40,000 பவுண்டு. வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பலெர்மோக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. அதை மறைத்துப் பேசி என்ன ஆகப் போகிறது? ஆனால் நான்கு இருக்கையும் புது எஞ்சினும் உள்ளதை மட்டும் வைத்து முழுப் பொழுதுபோக்குக்கும் விலை போடுவது சரியல்ல. ஓர் இருக்கை, பழைய எஞ்சின், மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி என்றால் கணக்கு வேறு. கிட்டையும் பல கம்பெனிகள் வால், இறக்கை, உடல் என்று பகுதி பகுதியாகத்தான் விற்கின்றன. வால் முடிந்த பிறகு இறக்கைக்குப் பணம் கட்டலாம். சீட்டுப் பிடித்து நகை சேர்த்த நம் சனத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பணத்தைவிடக் கூடுதலாகத் தின்பது நேரம். அமெரிக்க ‘வேன்ஸ்’ கம்பெனியின் இரு இருக்கை உலோக விமானம் ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகள். வேலைக்குப் போய் வந்த பிறகு மாலையிலும் ஞாயிறன்றும் மட்டும் உட்கார்ந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். பாதியில் விட்டவர்கள் நிறையப்பேர். காசில்லை என்ற சாக்கைவிட, பொறுமை இல்லை என்ற சாக்கு நேர்மையானது.

அடுத்தது சாவு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வீட்டில் கட்டிய விமானங்களை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. மற்றச் சிறு விமானங்களைவிட இவற்றின் விபத்து விகிதம் அதிகம் என்று அது சந்தேகத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆனால் பல்லரோவில் யாரும் சொல்லாத பகுதியும் அதில் உண்டு. 2011-இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல் பழையதாக வாங்கப்பட்டவை. கட்டியவரிடம் இருந்தவை அல்ல, அவரிடமிருந்து வேறொருவர் கைக்கு மாறியவை. முக்கியக் காரணங்கள் இரண்டு: எஞ்சின் சக்தி இழப்பு, பறக்கும்போது கட்டுப்பாடு கைநழுவுவது. தன் கையால் அடித்த ரிவெட்டு பிய்ந்து இறக்கை உதிரும் காட்சிதான் எல்லார் மனதிலும் ஓடுகிறது. அறிக்கை காட்டும் ஆபத்து பெரும்பாலும் எரிபொருள் குழாயிலும், பழக்கமில்லாத விமானத்தில் ஏறியவரின் கையிலும் இருக்கிறது.

பழைய கதை ஒன்று இதற்குப் பொருந்தும். பிரான்சைச் சேர்ந்த ஆன்றி மிஞே, பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் கட்டலாம் என்று சொல்லி, 1933-இல் தன் ‘வான் தெள்ளுப்பூச்சி’யைப் பறக்கவிட்டார். மறு ஆண்டு அவர் புத்தகமும் வந்தது. ஐரோப்பா எங்கும் கொட்டில்களில் மரம் அறுக்கும் சத்தம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் மூக்குக் குத்தி விழுந்தன. பிரான்சிலும் பிரிட்டனிலும் தடை வந்தது. முழு அளவு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது உண்மை வெளிவந்தது. முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு இறக்கைகளும் ஒரு கோணத்துக்கு மேல் மூக்குத் தாழ்ந்தால் ஒன்றோடொன்று மோதிய காற்றோட்டத்தில் சிக்கி, நிமிர விடவில்லை. பிழை தச்சு வேலையில் இல்லை, வரைபடத்தில் இருந்தது. தொழிற்சாலையில் அதே வரைபடத்தை வைத்துச் செய்திருந்தாலும் அப்படியே விழுந்திருக்கும்.

அதனால்தான் இன்று அமெரிக்காவில் புதிதாகக் கட்டிய விமானத்தைப் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள் பறந்து சோதித்த பிறகே பயணி ஏற்ற முடியும். இன்னொன்று: மணிமுத்தாற்றில் சஜியின் விமானத்தை ஓட்டியவர் சஜி அல்ல. விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். கட்டத் தெரிந்ததால் ஓட்டவும் தெரியும் என்று நினைப்பவர்தான் உண்மையில் ஆபத்தான ஆள்.

சட்டத்துக்கு வருவோம். மும்பை விமானி அமோல் யாதவ் கதையைக் காட்டி, சட்டம் விடாது என்பார்கள். காந்திவலியில் அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டியவர் அவர். 2016-இல் கண்காட்சியில் வைத்தபோது பெரிய மனிதர்கள் எல்லாரும் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பதிவு எண் 2017 நவம்பரில், பறக்கும் அனுமதி 2019 அக்டோபரில். இழுத்தடிப்பு என்றால் இதுதான். ஆனால் முடிவில் சட்டம் விட்டது. இத்தாலியில் நிலைமை இன்னும் எளிது: பொழுதுபோக்குக்கும் விளையாட்டுக்குமான மிக இலகு விமானங்களுக்கென்றே 1985-இன் 106-ஆம் எண் சட்டம் இருக்கிறது, அவற்றைப் பதிவது இத்தாலிய ஏரோ கிளப். அதைவிடக் கனமானவற்றைக் கட்டுவோருக்குத் துணையாக ‘கிளப் அவியாசியோனே போபொலாரே’ என்ற சங்கம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. பெயரிலேயே சாதாரண மக்களுக்கான விமானம் என்றுதான் இருக்கிறது. சட்டம் விடாது என்று சொல்பவர் சட்டத்தைக் கேட்டுப் பார்த்ததில்லை.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை” என்ற முணுமுணுப்பும் சிலரிடம் உண்டு. 1910 மார்ச்சில் சென்னைப் பல்லாவரத்தில் ஓர் இரட்டை இறக்கை விமானம் பறந்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஆஞ்செலிஸ் தானே வடிவமைத்து, சிம்ப்சன் பட்டறையில் செய்வித்தது. பெயர் இத்தாலியப் பெயர், பட்டறை மதராஸ் பட்டறை. ஆசியாவிலேயே முதலில் பறந்தது அதுதான் என்று வாதிடுவோரும் உண்டு. அவர் காசுக்காரர்தான், மறுக்கவில்லை.

பிரயோசனம் என்ன என்ற கேள்விக்கு அதிகம் அலையத் தேவையில்லை. 1986-இல் எரிபொருள் நிரப்பாமல், நிற்காமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய ‘வாயேஜர்’ விமானத்தை வடிவமைத்த பர்ட் ரூட்டன், வீட்டில் கட்டுவோருக்கு வரைபடம் விற்றுப் பேர் எடுத்தவர். பக்கத்திலேயே பார்க்கலாம்: நேப்பிள்ஸில் மாதிரி விமானங்களோடு தொடங்கிய பஸ்கலே சகோதரர்கள் ‘பார்தெனாவியா’ கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களின் இரட்டை எஞ்சின் பி.68 விமானம் பிறகு தமிழ்நாட்டில் ஓசூரில் தனேஜா நிறுவனத்தாரால் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்பவர் கட்டத் தொடங்கக் கூடாது. அவருக்குப் பலெர்மோவிலேயே 1931-இல் திறந்த பொக்காதிஃபால்கோ விமானத் தளமும் அங்குள்ள ஏரோ கிளப்பும் இருக்கின்றன. பாடம் கற்று, வாடகை விமானத்தில் பறப்பது அவருக்கு மலிவு, விரைவு. இரண்டாயிரம் மணி நேரம் அலுமினியத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பதே இன்பம் என்பவருக்கு மட்டும்தான் இந்த வேலை. அப்படிப்பட்டவர் நம் சனத்தில் எத்தனை பேர் என்று பல்லரோவில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.