கம்பி நம்ம கூர மேல, கரண்டு அவங்க கெணத்துல

"கம்பி நம்ம கூர மேல போவுது, கரண்டு ஊருக்காரன் கெணத்துல எறங்குது." முகையூர்ப் பக்கத்துச் சேரியில் சிமினி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டே எங்க ஆயா சொல்லும். கிழவியின் பொருமல் என்றிருந்தேன். அதுதான் அரசாங்கத்தின் இலக்கணம் என்பது பின்னால் தெரிந்தது.

1997 வரை 'மின்சாரம் பெற்ற கிராமம்' என்பதற்கு இந்திய அரசு வைத்திருந்த வரையறை என்ன? வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். வயக்காட்டில் ஒரு பம்புசெட் ஓடினால் கிராமமே வெளிச்சம்! சேரி இருட்டில் கிடந்தது, புள்ளிவிவரத்தில் எரிந்தது. 1997இல் 'குடியிருப்புப் பகுதி' என்று திருத்தினார்கள். குடியிருப்பு என்றால் ஊர்தானே அவர்களுக்கு! டிரான்ஸ்பார்மரும் மின்பாதையும் தலித் குடியிருப்புக்கும் போயிருக்க வேண்டும் என்று எழுத 2004 பிப்ரவரி ஆயிற்று. அதிலும் நூற்றுக்குப் பத்து வீட்டில் எரிந்தால் போதுமாம். அந்தப் பத்து எந்தத் தெரு என்று கேட்டால் நம்மைச் சாதி பேசுகிறவன் என்பார்கள்.

இத்தனைக்கும் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக மின்சக்தித் துறையைக் கையில் வைத்திருந்தவர் அம்பேத்கர். 1943இல் மின்சக்திக் கொள்கைக் குழுவுக்கும் அவரே தலைவர். மலிவான மின்சாரம் வறுமையிலிருந்து மனிதனை மீட்கும் என்று வாதாடியவர். அவர் படத்தை எந்த மின்வாரிய அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

"காலனிக்காரனுக்கு ஓசி கரண்டு" என்று வங்கிக் கவுண்டரில் என் காதுபடவே பேசுகிறார்கள். பம்புசெட் கடன் மனுவை வாங்கிக்கொள்கிறவன் நான். குடிசைக்குக் கொடுத்தது ஒத்த பல்பு, 40 வாட். 5 குதிரைசக்தி மோட்டார் 3,730 வாட், அதாவது 93 குடிசை. சிறு விவசாயிக்கு 1984இலும், எல்லா விவசாயிக்கும் 1990இலும் மின்சாரம் இலவசமானது. அது வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நிலமில்லாதவனுக்கு ஏதய்யா பம்புசெட்? அது உரிமை, இது ஓசியா?

பிழைக்கப் பட்டணம் போய்க் கூவம் கரையில் குடிசை போட்ட நம் சனத்திடமும் முதல் கேள்வி, "பட்டா இருக்கா?" 2003 மின்சாரச் சட்டம் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் கேட்டால் இணைப்பு கொடு என்கிறது. குடியிருப்பவர்! தோழர்களே, மனு எழுதும்போது அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள்.